தவில் அடி விழுந்தால் ஸ்பீக்கர் ஊமையாகிறது

சிரியத்தான் எழுதியது:

வணக்கம். பர்மாவில், ரங்கூனுக்கு ஆற்றின் மறுகரையில் இருக்கும் தன்லினிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இன்னமும் சிரியம் என்றுதான் சொல்வோம். ரங்கூனில் ஓர் உளுந்துக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். மின்சாதனங்களைப் பற்றிய என் அறிவு ஃபியூஸ் மாற்றுவதோடு நின்றுவிடும். அதனால் பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வதுபோல் சொன்னாலும் வருத்தப்பட மாட்டேன்.

வீட்டில் இருப்பது ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான் கடையில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பாதிப் பதில்கள் அந்தக் கம்பெனியைப் பற்றியே இருக்கும். அதே கடையில் வாங்கிய ஸ்பீக்கர்கள் இரண்டு ஜோடி. ஒரு ஜோடி கூடத்தில், இன்னொன்று பின்கட்டில். எல்லாவற்றின் முதுகிலும் 6 ஓம் என்று அச்சடித்திருக்கிறது. 100 வோல்ட் சாமான் என்பதால் கடைக்காரரே வோல்ட்டேஜைக் குறைக்கும் ஒரு சின்ன ஸ்டெப்-டவுன் பெட்டியை விலை சேர்க்காமல் கொடுத்தார்.

அப்பாவுக்கு 78 வயது, காது மந்தம். அவருக்குக் காருக்குறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் வேண்டும், தெருக்கோடிவரை கேட்கிற அளவுக்கு வேண்டும். ராக ஆலாபனை ஓடும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. தவில் சேர்ந்துகொண்டு, கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கழியால் பலமாக ஓர் அடி விழுந்தால், ஆம்ப்ளிஃபையருக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். இரண்டு பக்கமும் மௌனம். மூன்று நான்கு விநாடி கழித்து மறுபடி ‘டக்’, பாட்டு திரும்ப வருகிறது. அடுத்த பலத்த அடிக்கு மறுபடி மௌனம். “தவில்காரன் கோபித்துக்கொண்டு எழுந்து எழுந்து போகிறான்” என்று அப்பா சொல்கிறார்.

தொழில் புத்தி விடாது. ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தேன். இதுவரை 11 தடவை வெட்டியிருக்கிறது. வால்யூம் குமிழை ஒரு மணி நிலைக்குக் கொண்டுபோனால் வெட்டுகிறது. பதினொரு மணி நிலையில் வெட்டவில்லை. ஆனால் சில நாள் அதே ஒரு மணி நிலையில் முழுக் கச்சேரியும் சுத்தமாக ஓடிவிடுகிறது. இதுதான் எனக்குக் கணக்கு இடிக்கிறது.

பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு ஆம்ப்ளிஃபையரையும் கூடத்து ஸ்பீக்கர்களையும் ட்ரைஷாவில் ஏற்றிக் கொண்டுபோனேன். கடை ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அரை மணி நேரம் அலறவிட்டார்கள், ஒரு தடவைகூட வெட்டவில்லை. இருந்தும் “ஊஃபர் (கனத்த சத்தம் தரும் பெரிய கூம்பு) தளர்ந்துவிட்டது, வேறு ஸ்பீக்கர் வாங்கிவிடுங்கள்” என்றார்கள். மூன்று லட்சம் கியாட் ஆகுமாம். கொடுப்பதற்கு முன்னால் உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பெகு_வாசுகி எழுதியது:

அண்ணா, இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் பாடுகின்றனவா? ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தில் ஸ்பீக்கர் ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓம் (மின்தடை) எண் இருக்கும். ஏ, பி என்பவை இரண்டு ஜோடிக்கான இடங்கள். ஏ மட்டும், பி மட்டும் என்றால் ஒரு எண். இரண்டும் சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு எண். படித்துச் சொல்லுங்கள்.

6 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையருக்கு அது 3 ஓமாகத் தெரியும். ஓம் குறையக் குறைய மின்னோட்டம் கூடும். எங்கள் வீட்டில் மாமனார் இப்படி மூன்று அறைக்கும் ஒயர் இழுத்து ஒரு ஆம்ப்ளிஃபையரையே சுட்டுவிட்டார்.

ஒயர் நுனியையும் பாருங்கள். செம்பு இழை ஒன்று பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

டவுன்டவுன்_ரவி எழுதியது:

கனத்த சத்தத்தைக் கூட்டும் லவுட்னஸ் பொத்தானை அமுக்கி வைத்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு பேஸ் குமிழையும் கொஞ்சம் குறையுங்கள். வெட்டாது. இதற்குப்போய் இவ்வளவு பெரிய கடிதமா?

சிரியத்தான் எழுதியது:

வாசுகி அம்மா சொன்னதைப் பார்த்தேன். ‘ஏ அல்லது பி: 6 முதல் 16 ஓம். ஏ+பி: 12 முதல் 16 ஓம்’ என்று இருக்கிறது. நான் இரண்டையும் சேர்த்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அந்த எழுத்தின்மேல் தூசி தட்டினேனே தவிர படிக்கவில்லை. இழை எதுவும் பிரிந்து நிற்கவில்லை.

பின்கட்டு ஜோடியைக் கழற்றிவிட்டேன். முன்பு கச்சேரிக்கு ஐந்தாறு தடவை எழுந்துபோன தவில்காரர் நேற்று இரண்டு தடவைதான் போனார். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

ரவி தம்பி சொன்னதும் சரிதான், லவுட்னஸ் அமுக்கித்தான் இருந்தது. எடுத்துவிட்டால் வெட்டவில்லை. ஆனால் அப்பா ஐந்து நிமிடத்தில் “தவில் எங்கேயடா, தகர டப்பாவா வாசிக்கிறான்?” என்று கேட்டுவிட்டார். மறுபடி அமுக்கிவிட்டேன்.

பழைய_ரேடியோ_மோல்மேன் எழுதியது:

தம்பி, ஸ்பீக்கர் வாங்காதே. அந்த மூன்று லட்சத்தைப் பெட்டியிலேயே வைத்திரு.

நாற்பது வருஷம் ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பிரித்தவன் நான். வெட்டுவதில் வகை உண்டு. அதை முதலில் பிரித்துப் பார்க்காமல் ‘ஊஃபர் தளர்ச்சி’ என்று சொல்கிறவன் சாமான் விற்கிறவன்.

ஸ்பீக்கருக்குள்ளேயே வெட்டினால் ஆம்ப்ளிஃபையரில் ‘டக்’ சத்தம் கேட்காது. சில ஸ்பீக்கர்களில், சத்தத்தைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில், மேல் சத்தம் தரும் ட்வீட்டரைக் காப்பாற்ற ஒரு பாலிஸ்விட்ச் வைத்திருப்பார்கள். சூடேறினால் அதன் மின்தடை கூடிவிடும். அப்போது ஒரு பக்கம் மட்டும், அதிலும் மேல் சத்தம் மட்டும், மங்கிப்போகும், ஆறினால்தான் திரும்பும். உனக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகப் போகிறது, ஒன்றாக வருகிறது. அதற்கு ஸ்பீக்கரைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொன்று நம் மழைக்கு வரும் வியாதி. மே முதல் அக்டோபர் வரை காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிறது; ரிலே (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) முனைகளில் கறுப்புப் படியும். அப்போது சத்தம் குறைவாக இருக்கும்போதுதான் ஒரு பக்கம் போகும், வால்யூமை ஏற்றினால் ‘சடார்’ என்று வந்துவிடும். உன்னுடையது நேர்மாறு. ஆகவே அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது ரிலே தானாக விடுவது. ஜப்பான் ஆம்ப்ளிஃபையர் பலவற்றில் யூபிசி 1237 என்று எட்டுக் கால் வைத்த ஒரு ஐசி (சில்லு) உட்கார்ந்திருக்கும். அது ஒரு வாசல் காவல்காரன். மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்: வெளியே போகும் மின்னோட்டம் மிஞ்சுகிறதா, ஸ்பீக்கர் பக்கம் டிசி (ஒரே திசை மின்சாரம்) கசிகிறதா, சுவரிலிருந்து உள்ளே வரும் ஏசி மின்சாரம் விட்டுப்போகிறதா. எதில் சந்தேகம் வந்தாலும் ரிலேயை விட்டுவிடும். நிலைமை சரியானால் சில விநாடி பொறுத்துத் திரும்ப இணைக்கும். உன் ‘டக்’ இரண்டும் அவன் செய்கிற வேலை. முதல் காரணத்தில் பாதியை அந்தப் பெண் வாசுகி கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு மூன்றாவதின் மேல் கண்.

கேள்வி ஒன்று. உன் நோட்டில் வால்யூம் குமிழ் நின்ற மணி எழுதியிருக்கிறாய். சுவர்க் கடிகாரத்தின் மணியை எழுதியிருக்கிறாயா?

சிரியத்தான் எழுதியது:

ஐயா, எழுதியிருக்கிறேன். தேதி, நேரம், குமிழ் நிலை, பாட்டு என்று நான்கு பத்தி. பாட்டையும் குமிழையும்தான் பொருத்திப் பொருத்திப் பார்த்தேன். நேரம் என்பது தேதிக்குத் துணையாக எழுதுகிற பழக்கத்தில் வந்தது, அதை வாசிக்கவே இல்லை.

இப்போது கூட்டிப் பார்த்தேன். முதலில் சொன்ன 11இல் 10 சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள். மிச்சம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணி. அன்று தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்று மனைவி சொல்கிறாள். முழுக் கச்சேரியும் சுத்தமாக ஓடிய நாள்கள் எல்லாம் அப்பாவுக்குத் தூக்கம் வராமல் விடியற்காலை நான்கு மணிக்குப் போட்டவை.

வருஷக்கணக்காக மூட்டைக் கணக்கில் ஒரு விஸ் (இங்கத்து வீசை) குறைந்தாலும் கண்டுபிடிப்பவன் என்று பெயர் எனக்கு. கிடங்கில் யாரிடமும் இதைச் சொல்லப்போவதில்லை.

பழைய_ரேடியோ_மோல்மேன் எழுதியது:

அப்படியானால் பாதி வைத்தியம் முடிந்தது.

சாயங்காலம் தெரு முழுவதும் அடுப்பு, விசிறி, பம்பு, பேட்டரி ஏற்றும் இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். மின்வெட்டு முடிந்து வந்த மின்சாரம் வேறு. எல்லா வீட்டுப் பேட்டரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வயிறு நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். 230 என்று பேர், வருவது என்னவோ அது.

உன் ஸ்டெப்-டவுன் பெட்டிக்குத் தானாக யோசிக்கத் தெரியாது. 230ஐ 100 ஆக்கும், அவ்வளவுதான். அதே விகிதத்தில் 180 வந்தால் 78 ஆக்கும். ஆம்ப்ளிஃபையரின் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100க்குப் பதில் 78 என்றால் நூற்றுக்கு 61தான் சக்தி. அதோடு பெட்டி சிறியது என்றால், பலத்த அடி விழுந்து மின்னோட்டம் கேட்கும்போது பெட்டியே இன்னும் கொஞ்சம் தொய்ந்துவிடும். காவல்காரன் ‘ஏசி போய்விட்டது’ என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறான்.

பழுதுக்கடையில் வெட்டாததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். அங்கே ஜெனரேட்டர். நீ ட்ரைஷாவில் ஏற்றியது ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் மட்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் சின்னப் பெட்டி வீட்டிலேயே இருந்திருக்கிறது! அவர்களுடைய பெரிய பெட்டியில் போட்டிருப்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. சுவரில் செருகினால் வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கு. 100 வோல்ட் பக்கத்தை அளக்க மல்டிமீட்டர் வேண்டும். அதை நீ தொடாதே, கை தெரிந்த எலெக்ட்ரீஷியனைப் பிடித்துக்கொள். இந்தப் பெட்டிகளில் பல உள்ளே ஒரே சுருள்தான். 100 வோல்ட்தானே என்று அலட்சியமாக விரல் வைத்தால் சுவர் மின்சாரமே உதைக்கும். ஆம்ப்ளிஃபையர் மூடியைத் திறக்காதே. அணைத்த பிறகும் உள்ளே கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒன்று, நள்ளிரவுக்குப் பின் ஒன்று அளந்து எழுது. பெட்டியின் மேலும் ஆம்ப்ளிஃபையரின் முதுகிலும் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது என்பதையும் எழுது. ஆம்ப்ளிஃபையருக்கு மேலே என்ன வைத்திருக்கிறாய்?

சிரியத்தான் எழுதியது:

பெட்டியில் 150 வாட். ஆம்ப்ளிஃபையரில் 180 வாட். இவ்வளவு நாள் எனக்கு இது கண்ணில் படவில்லை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மருமகன் எலெக்ட்ரீஷியன். அவனை இரண்டு வேளை வரவழைத்ததற்கு ஒரு மொஹிங்காவும் (இங்கத்து மீன்குழம்பு நூடுல்ஸ்) ஒரு மட்டன் குழம்பும் செலவு.

இரவு ஏழு மணி: சுவரில் 184. பெட்டிக்கு வெளியே, பாட்டு இல்லாமல், 79. தவில் அடி விழும்போது முள் 71 வரை போய்த் திரும்புகிறது. அந்த 71இல்தான் ‘டக்’. மூன்று தடவை பார்த்தோம், மூன்று தடவையும் அதே இடம். முள் வைத்த பழைய மீட்டர் என்பதால் விழுவதும் எழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அப்பாவும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து பார்த்தார். தொப்பி அடிக்கு முள் சாய்வதைப் பார்த்துவிட்டு மீட்டரே தாளம் போடுகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

இரவு ஒரு மணி: சுவரில் 226. பெட்டிக்கு வெளியே 97. அதே பாட்டு, அதே குமிழ் நிலை. அடி விழும்போது 90. வெட்டவில்லை.

மேலே இருப்பது அம்மா பின்னிய குரோஷே துணி. அதன்மேல் பிள்ளையார்.

பழைய_ரேடியோ_மோல்மேன் எழுதியது:

பிள்ளையாரை வேறு இடத்தில் உட்கார வை. துணியை மடித்து வை. ஆம்ப்ளிஃபையரின் மேலே இருக்கும் கீற்றுகள் மூச்சு விடுவதற்கு. சுற்றிலும் ஒரு சாண் இடம் விடு. அது தனிப் பாவம், இந்த வெட்டுக்குக் காரணம் இல்லை. ஆனால் ஒரு நாள் காரணமாகும்.

71 வோல்ட்டில் சக்தி பாதிதான். பாதிச் சக்தியோடு முழுச் சத்தம் கேட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை அலை ட்வீட்டரை எரிக்கும். ரிலே வெட்டியதற்கு நீ நன்றி சொல்ல வேண்டும். ட்வீட்டர் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம்: நாகஸ்வரக் கச்சேரியில் தாளம் போடுகிறவரின் ‘ஜிங்’ இரண்டு பக்கமும் ஒரே கூர்மையில் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேள்.

வாங்க வேண்டியது 500 வாட் ஸ்டெப்-டவுன் பெட்டி. கனமானதாகப் பார்த்து வாங்கு. பெயர்ப்பலகையில் 500 என்று எழுத மை போதும். உள்ளே இரும்பும் செம்பும் இருந்தால்தான் கனம் வரும். ஒரு கையால் அலட்சியமாகத் தூக்க முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

டவுன்டவுன்_ரவி எழுதியது:

பெரியவரே, பெட்டியை மாற்றினாலும் சுவரில் 184தானே? கையால் திருகுகிற ஸ்டெப்-அப் பெட்டி ஒன்றை முன்னால் போட்டால் 230 வந்துவிடும். எங்கள் மாடியில் எல்லோரும் அதுதான் வைத்திருக்கிறோம்.

பழைய_ரேடியோ_மோல்மேன் எழுதியது:

வைத்திருக்கிறீர்கள், விசிறிக்கும் பிரிஜ்ஜுக்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் தடுக்கவில்லை. 184ஐ 230 ஆக்கும்படி திருகி வைத்துவிட்டு அவர் பஜனைக்குப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள். ஒன்பது மணிக்குத் தெரு அடங்கி சுவரில் 230 வருகிறது. உன் ஸ்டெப்-அப் அதை 287 ஆக்கும். ஸ்டெப்-டவுன் அதை 125 ஆக்கும். 100 வோல்ட் ஆம்ப்ளிஃபையருக்கு அது விஷம். வேண்டுமென்றால் தானியங்கி ஸ்டெபிலைசர் போடட்டும். அதிலும் மிஞ்சினால் துண்டிக்கும் வசதி உள்ளதாக. ஆனால் முதலில் ஸ்டெப்-டவுன். ஒரே நாளில் இரண்டையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

பெகு_வாசுகி எழுதியது:

இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அண்ணா. மலிவான இன்வெர்ட்டரின் அலை படிக்கட்டு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அதில் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி ரீங்கரிக்கிறது, ஸ்பீக்கரிலும் அது கேட்கிறது, பெட்டியும் சீக்கிரம் சுடுகிறது. சைன் வேவ் (வழவழப்பான அலை) என்று எழுதியது இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

சிரியத்தான் எழுதியது:

நேற்று ரங்கூனில் வேலை முடிந்ததும் 500 வாட் பெட்டி வாங்கிவிட்டேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டாவது கடையில் இருந்ததை ஐயா சொன்னபடி ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், அரிசிப் பை மாதிரி சுலபமாக வந்தது, வைத்துவிட்டேன். மூன்றாவது கடைக்காரர் நான் தூக்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கீழே இருந்து இன்னொன்றை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். விலை ஸ்பீக்கருக்குச் சொன்ன மூன்று லட்சத்தில் பாதிகூட இல்லை. பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் மடியில் வைத்திருந்ததில் தொடையில் கோடு விழுந்துவிட்டது.

சாயங்காலம் ஏழு மணி. சுவரில் 186, வெளியே 80. தவில் அடிக்கு முள் 78க்குப் போகிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை. லவுட்னஸ் அமுக்கி, குமிழ் ஒரு மணி நிலை, 40 நிமிடம். ஒரு ‘டக்’ கூட இல்லை. இரண்டு மணி நிலைக்கு ஏற்றினால் சத்தம் கரகரக்கிறது. சுவரில் வருவதே 186 என்பதால் அது வரும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் ஏற்றுவதில்லை. ஸ்டெபிலைசர் அடுத்த மாதச் சம்பளத்தில்.

தாளத்தின் ‘ஜிங்’ வலது பக்கம் பளிச்சென்று இருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் மங்கல். ஸ்பீக்கர்களை இடம் மாற்றிப் போட்டேன், மங்கலும் கூடவே மாறியது. ஆகவே அந்த ஸ்பீக்கரின் ட்வீட்டர்தான். அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. பின்கட்டு ஜோடியிலிருந்து ஒன்றை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிட்டேன். உருவம் ஒத்துவரவில்லை, ஓசை ஒத்துவருகிறது.

முழு மல்லாரியும் இடையில் நிற்காமல் கேட்டு முடித்த அப்பா, “தவில்காரனுக்கு யாரோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்” என்றார். நோட்டில் அடுத்த வரிக்குக் கோடு போட்டு வைத்திருந்தேன், காலியாக இருக்கிறது.

ஐயாவிடம் கடைசியாக ஒரு கேள்வி. பழைய 150 வாட் பெட்டி சும்மா கிடக்கிறது. மனைவி ஜப்பான் ரைஸ் குக்கர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். அதற்குப் போடலாமா?

பழைய_ரேடியோ_மோல்மேன் எழுதியது:

குக்கரின் அடியில் வாட் எழுதியிருக்கும், படித்துப் பார். பெரும்பாலும் 600க்கு மேல் இருக்கும். இந்தப் பெட்டியில் போட்டால் சோறு வேகாது, பெட்டிதான் வேகும். புதுப் பெட்டியிலும் போடாதே. உன் வீட்டம்மாவிடம் 230 வோல்ட் குக்கராகவே பார்க்கச் சொல். பழைய பெட்டியை ஒரு சின்ன ஜப்பான் ரேடியோவுக்கு வைத்துக்கொள், 20 வாட் இழுக்கிற ரேடியோவுக்கு அது தாராளம்.

மங்கலான ட்வீட்டரை எறிந்துவிடாதே. மோல்மேன் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பு, பார்க்கிறேன்.